மீட்டரை நிறுத்தாத வக்கீல்கள்

சென்னை ஆட்டோக்காரர் மீட்டர் போடமாட்டார் என்பது ஊரறிந்த குறை. நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் குறை அப்படியே தலைகீழ். அங்கே வக்கீல் மீட்டரை நிறுத்தவே மாட்டார். நிறுத்தினால் அவர் பிழைப்பு நின்றுவிடும்.

அந்த மீட்டரின் கணக்கு விசித்திரமானது. ஒரு மணி நேரத்தைப் பத்தாக வெட்டி, ஒவ்வொரு ஆறு நிமிடத்தையும் 0.1 என்று குறித்துவைப்பார்கள். கட்சிக்காரர் அனுப்பிய மெயிலைத் திறந்து, படித்து, “கிடைத்தது, நன்றி” என்று பதில் போட ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் டைம்ஷீட்டில் அது 0.1. மேல்தட்டு நிறுவனங்களில் மூத்த பார்ட்னரின் கட்டணம் மணிக்கு 2,000 டாலரைத் தாண்டிவிட்ட காலம் இது. ஆக, அந்த ஒரு நன்றியின் விலை 200 டாலர்.

வெறும் எண் போதாது. அந்த ஆறு நிமிடத்தில் என்ன கிழித்தோம் என்பதையும் கட்சிக்காரர் படிக்கும்படி எழுதவேண்டும். “ஒப்பந்த வரைவைப் பார்வையிட்டது.” “அது தொடர்பாக மின்னஞ்சல்.” “மேற்படி மின்னஞ்சல் தொடர்பாகத் தொலைபேசி.” “மேற்படி தொலைபேசி தொடர்பாக உள் ஆலோசனை.” இதைவிடச் சோர்வான உரைநடையை யாரும் எழுதிவிட முடியாது. ஆனால் வரிக்கு இவ்வளவு என்று சன்மானக் கணக்குப் பார்த்தால், தமிழ் எழுத்தாளர்கள் யாரும் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

சட்டப் படிப்பு முடித்து இங்கே நுழையும் இளைஞருக்கு அசோசியேட் என்று பெயர். பல நிறுவனங்களில் அவருக்கு ஆண்டு இலக்கு 1,900 அல்லது 2,000 மணி நேரம். கேட்கும்போது பயமாக இருக்காது. ஐம்பது வாரம், வாரத்துக்கு நாற்பது மணி. தாலுகா ஆபீஸ் மாதிரிதானே என்று தோன்றும். சூட்சுமம் என்னவென்றால், கட்சிக்காரர் தலையில் கட்டக்கூடிய நேரம் மட்டும்தான் அந்த 2,000 மணியில் சேரும். காபிக்குப் போனது, பாத்ரூம் போனது, ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்து தூங்கியது, புதிதாக வந்தவருக்குப் பிரிண்டரைக் காட்டியது எதுவும் சேராது. டைம்ஷீட் எழுதும் நேரத்தைக்கூட டைம்ஷீட்டில் எழுத முடியாது.

யேல் சட்டக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகம் இதைத் தன் மாணவர்களுக்காக ஒருமுறை கணக்குப் போட்டே காட்டியது. ஆண்டுக்குச் சுமார் 1,800 மணி பில் போட, சுமார் 2,400 மணி நேரத்தை வேலைக்கென்று ஒதுக்கவேண்டும். 2,200 மணி பில் போடவேண்டுமானால் 3,000 மணியைத் தாண்டும். அதாவது வாரத்துக்கு அறுபது மணிக்கு மேல். அந்தக் கணக்கில் சளி, காய்ச்சல், கல்யாணம், கருமாதி எதுவும் இல்லை.

இதனால்தான் அமெரிக்க வக்கீல்களிடையே ஒரு பழைய நகைச்சுவை சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. முப்பத்தைந்து வயதில் செத்துப்போன வக்கீல் ஒருவர் சொர்க்க வாசலில் நின்று, “இவ்வளவு சின்ன வயதில் என்னைக் கூப்பிட்டது நியாயமா?” என்று சண்டை போடுகிறார். வாசலில் இருக்கும் புனித பீட்டர் ஏட்டைப் புரட்டிவிட்டுச் சொல்கிறார்: “உங்கள் டைம்ஷீட்படி உங்களுக்கு வயது தொண்ணூறு ஆகிறதே!”

இந்த மீட்டரைக் கண்டுபிடித்தவர் ஏதோ பணப்பேய் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பாஸ்டன் நகரில் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி வழங்கும் சங்கத்தை நடத்திவந்தவர் ரெஜினால்டு ஹீபர் ஸ்மித். கூட்டமோ அதிகம், பணமோ குறைவு. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்தால்தான் நிர்வாகம் செய்ய முடியும் என்று நேரத்தைக் குறித்துவைக்க ஆரம்பித்தார். ஏழைக்கு நீதி ஏன் எட்டுவதில்லை என்பதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1919ல் வந்தது. அதே ஆண்டு ஹேல் அண்டு டார் என்ற நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பேற்று, அங்கேயும் அந்தக் கணக்கைக் கொண்டுபோனார். ஏழைகளுக்காகப் பிறந்த கணக்கு பணக்காரர்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டது இப்படித்தான்.

அப்போதும் அது உள்வீட்டுக் கணக்காகவே இருந்தது. கட்சிக்காரருக்குப் போகும் பில்லில் “எங்கள் சேவைக்கு” என்று ஒரே வரி, கீழே ஒரு தொகை. நம் ஊர் டாக்டர்கள் சீட்டுக்கூட இல்லாமல் ஒரு தொகையைச் சொல்வார்களே, அந்த ரகம். பல மாநிலங்களில் வக்கீல் சங்கங்களே இன்ன வேலைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று விலைப்பட்டியல் வைத்திருந்தன. 1958ல் அமெரிக்க வக்கீல் சங்கம் ஒரு கையேடு போட்டது. டாக்டர்களும் பல் டாக்டர்களும் முன்னேறிப் போய்க்கொண்டிருக்க வக்கீல்கள் மட்டும் பின்தங்கிவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சலின் விளைவு அது. நேரத்தைப் பதிவுசெய்யுங்கள், வருமானம் உயரும் என்று அதில் உபதேசம். ஒரு வக்கீலால் ஆண்டுக்குச் சுமார் 1,300 மணி நேரத்தைத்தான் காசாக்க முடியும் என்பது அந்தக் கையேட்டின் மதிப்பீடு. இன்று ஒரு பெரிய நிறுவனத்தில் 1,300 மணி காட்டும் அசோசியேட்டை, உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். அடுத்த மாதம் வேறு வேலை பார்க்கச் சொல்வார்கள்.

விலைப்பட்டியலுக்குச் சாவுமணி அடித்தது ஒரு வீடு. 1971ல் வர்ஜீனியா மாநிலத்தில் கோல்டுபார்ப் என்ற தம்பதி வீடு வாங்கப் போனார்கள். பத்திரத்தைச் சரிபார்க்க வக்கீல் வேண்டும். முதலில் போன வக்கீல் பட்டியலில் உள்ள தொகையைக் கேட்டார். விடாக்கண்டர்களான அவர்கள் அந்த வட்டாரத்தில் இன்னும் 36 வக்கீல்களுக்குக் கடிதம் போட்டார்கள். பதில் போட்டவர்கள் 19 பேர். பட்டியலுக்குக் கீழே ஒருவரும் இறங்கவில்லை. கோயம்பேட்டில் இது நடந்திருந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்போம். அவர்கள் வழக்குப் போட்டார்கள். இப்படி விலையைக் கட்டிவைப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 1975ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் போனது. மீட்டர் நடுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் உள்ள வினை புரிந்துகொள்ள எளிது. தச்சர் விற்பது நாற்காலி. சீக்கிரம் செய்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். இங்கே விற்பனைச் சரக்கே வக்கீலின் ஆயுள். மனைவியோடு கோயிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, விற்காமல் தேங்கிப்போன சரக்கு என்று கணக்கில் ஏறும்.

அந்த ஆயுளை என்ன வேலைக்காக விற்கிறார்கள் என்று பார்த்தால் நீதிமன்றம், வாதம், ‘மை லார்டு’ என்று சினிமாவில் பார்த்த எதுவும் கண்ணில் படாது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கப்படும் நிறுவனத்தின் குத்தகைப் பத்திரங்கள், கடன் பத்திரங்கள், காபி மெஷின் வாடகை ஒப்பந்தம் உட்பட ஆயிரக்கணக்கான தாள்களை ஒருவர் படிக்கவேண்டும். முதலாளி மாறினால் ஒப்பந்தம் செல்லாது என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடவேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு, நானூறாவது ஒப்பந்தத்தில், அந்த வரி கிடைத்தால் அசோசியேட்டின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர் வரும். கிடைக்காவிட்டாலும் கண்ணீர்தான்.

அடுத்தது கையெழுத்து வேட்டை. ஒப்பந்தம் முடியும் நாளன்று இரு தரப்பிலும் பத்திருபது பேரிடமிருந்து கையெழுத்துப் பக்கங்கள் வந்து சேரவேண்டும். ஒருவர் விமானத்தில் இருப்பார். ஒருவர் ஏழாம் பக்கத்துக்குப் பதிலாக எட்டாம் பக்கத்தில் போட்டு அனுப்பியிருப்பார். இன்னொருவர் போட்டோ எடுத்து அனுப்பியதில் கையெழுத்தைவிடக் கட்டைவிரல் தெளிவாகத் தெரியும். உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் அரசியல் சட்டத் தத்துவம் படித்த பிள்ளை, விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கோடீஸ்வரரிடம், “சார், கொஞ்சம் வெளிச்சத்தில் வைத்து இன்னொரு போட்டோ” என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்.

இந்த வேலையெல்லாம் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடாது. பார்ட்னர் பகலெல்லாம் கட்சிக்காரரோடு பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு, “திங்கள் காலைக்குள் முடித்துவிடலாமா?” என்று ஒரு மெயிலைத் தட்டுவார். கடைசியில் இருக்கும் கேள்விக்குறியை நம்பி யாரும் “முடியாது” என்று பதில் எழுதியதாகச் சரித்திரம் இல்லை.

ராத்திரி வேலைக்குச் சாப்பாடு இலவசம். பல நிறுவனங்களில் இரவு எட்டு மணி சுமாருக்கு மேல் இருந்தால் சாப்பாட்டுச் செலவு ஆபீஸுடையது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்தால் வீட்டுக்குப் போகக் காரும் உண்டு. ஏழு மணிக்கு வேலை முடிந்துவிட்டாலும் எழுந்திருக்க மனசு வராது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் தாய்லாந்து நூடுல்ஸ் கிடைக்குமே! சாப்பிட்டு முடிக்க எட்டரை. இன்னும் சற்று இருந்தால் சப்வேயில் தொங்காமல் காரில் போகலாமே! அதற்குள் பார்ட்னரின் மெயில் வந்துவிடும். எலிப்பொறியில் மசால்வடை வைக்கக் கற்றவர்களுக்கு இதையெல்லாம் விளக்கவேண்டியதில்லை. சீம்லெஸ் என்ற சாப்பாட்டு ஆர்டர் நிறுவனமே இந்த ராத்திரிப் பசியில் பிறந்ததுதான். 1999ல் நியூயார்க்கில் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் வக்கீல். ராத்திரி சாப்பாட்டை ஆர்டர் செய்து, ரசீதைப் பத்திரப்படுத்தி, எந்தக் கட்சிக்காரர் கணக்கில் எழுதுவது என்று தவிக்கும் கூட்டத்தை அவர் கிட்டேயிருந்து பார்த்திருந்தார்.

இதற்கெல்லாம் சம்பளம் என்ன? அதுதான் எல்லாருடைய வாயையும் அடைக்கும் இடம். 2023 நவம்பரில் மில்பேங்க் நிறுவனம் முதலாண்டு அசோசியேட்டின் சம்பளத்தை 2,25,000 டாலராக உயர்த்தியது. அந்த மாதம் முடிவதற்குள் க்ரவாத் நிறுவனம் அதை ஈடுகட்டி, மூத்த அசோசியேட்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்ற நிறுவனங்களும். போனஸ் தனி. பக்கத்துக் கடைக்காரர் விலையை ஏற்றினால் நாமும் ஏற்றுவோம் என்ற இந்த வழக்கத்துக்கு அங்கே ‘க்ரவாத் ஸ்கேல்’ என்று பெயர். இத்தனைக்கும் 1968ல் அதே க்ரவாத் தொடக்கச் சம்பளத்தை 15,000 டாலராக்கியபோது ஊரே வாய்பிளந்தது.

2,25,000 டாலரை 3,000 மணியால் வகுத்தால் மணிக்கு 75 டாலர். அதே மணிக்குக் கட்சிக்காரரிடம் நிறுவனம் வாங்குவது அதைப்போலப் பல மடங்கு. மீதி எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: கர்க்லண்டு அண்டு எல்லிஸ் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருமானம் 880 கோடி டாலர்.

அசோசியேட்டால் உதறிவிட்டும் போக முடியாது. பலருக்குச் சட்டப் படிப்பின் கடனே லட்சம் டாலருக்கு மேல். கடன் அடையும் வரை என்று உள்ளே வருவார்கள். அடைவதற்குள் ஒரு வீட்டுக் கடன் சேர்ந்துகொள்ளும். அப்புறம் இருக்கவே இருக்கிறது பார்ட்னர் ஆசை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் க்ரவாத் வகுத்த முறை இன்றும் நடக்கிறது: நல்ல கல்லூரிகளிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடு, பழக்கு, எட்டுப் பத்து வருடத்தில் மேலே ஏற்று, அல்லது வெளியே அனுப்பு. ஒரே ஆண்டில் சேர்ந்த கூட்டத்தில் பார்ட்னர் நாற்காலிக்குப் போகிறவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். போனவர்களுக்கு மீட்டர் நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. இனி தன் மணியோடு ஊரார் மணியையும் சேர்த்து விற்கவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஓர் அசோசியேட்டிடம் எது அதிக பயம் என்று கேட்டால், வேலை நிறைந்த வாரத்தைச் சொல்லமாட்டார். வேலையே இல்லாத வாரத்தைச் சொல்வார். மெயில் வராது, போன் அடிக்காது, ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம். போனவருக்குத் தூக்கம் வராது. டைம்ஷீட்டில் 2.3 என்று நிற்கிறதே, நம்மைக் கழற்றிவிடப் போகிறார்களோ என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பயத்துக்குக் காரணமும் உண்டு. 2009 பிப்ரவரியில் லேத்தம் அண்டு வாட்கின்ஸ் நிறுவனம் ஒரே நாளில் 190 அசோசியேட்களை வீட்டுக்கு அனுப்பியது. அதனால் ஓய்வு கிடைத்தால், ஓய்வாக இருப்பது தெரியாமல் நடிப்பதே ஒரு முழுநேர வேலையாகிவிடுகிறது.

லீவு எடுக்கலாம். லீவு என்றால் லேப்டாப் வேறு ஊருக்குப் போகிறது என்று அர்த்தம்.

கட்டுரையாளரின் அண்ணன் மகள் மன்ஹாட்டனில் அப்படியொரு நிறுவனத்தில் அசோசியேட். தன் தம்பி கல்யாணத்துக்காகத் தை மாதம் கும்பகோணம் வந்திருந்தாள். காலை ஏழரை ஒன்பது முகூர்த்தம். கும்பகோணத்தில் காலை எட்டரை என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் ராத்திரி பத்து. அவள் ஆபீஸுக்கு அதுதான் முகூர்த்த வேளை. மாப்பிள்ளை அறையில், சீர்த்தட்டுகளை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, மல்லிகைக்குள் இயர்போன். கடன் ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைப் பற்றி பேங்க் தரப்பு வக்கீல் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் அவள் அம்மா வந்து நின்றாள்.

“ஏண்டி, மூணாவது முடிச்சு நாத்தனார் போடணும். நீ வரியா, இல்ல உன் ஆபீஸ்காரன் வந்து போடுவானா?”

“அம்மா, ரெண்டு நிமிஷம். சித்தப்பா, இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, மியூட்ல போட்டிருக்கேன்” என்று ஓடினாள். மியூட்டில் போடவில்லை. கெட்டிமேளம் முழங்கியது, இரண்டு தவில், இரண்டு நாகஸ்வரம், முந்நூறு பேர் அட்சதை. மன்ஹாட்டனில் ஒரு நொடி மௌனம். பிறகு பேங்க் வக்கீல் மிகுந்த அக்கறையோடு கேட்டார்: “உங்கள் கட்டடத்தில் தீ விபத்து அலாரமா? நீங்கள் எல்லாரும் பத்திரமாக இருக்கிறீர்களா?” லேப்டாப் முன்னால் காவலுக்கு இருந்த கட்டுரையாளர், சட்ட ஆலோசனை வழங்கத் தமக்கு உரிமம் இல்லை என்பதால், வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அவள் டைம்ஷீட் எழுதினாள். அழைப்பு நீடித்தது 0.9, எழுதியது 0.8. முடிச்சுப் போட்ட நேரத்தைக் கழித்துவிட்டாளாம்.

கழித்தது சரிதான். ஒரே நேரத்தை இரண்டு பேருக்கு விற்கக்கூடாது என்று 1993லேயே அமெரிக்க வக்கீல் சங்கம் நெறிமுறைக் கருத்து வெளியிட்டிருக்கிறது. ஒரு கட்சிக்காரருக்காக விமானத்தில் பறக்கும்போது இன்னொருவரின் தாளைப் படித்தால், இருவருக்கும் பில் போடக்கூடாது. இதற்கெல்லாம் ஓர் அறிக்கை தேவைப்பட்டது என்பதிலிருந்தே அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பறந்து, கடிகாரத்தைப் பின்னால் திருப்பி, ஒரே நாளில் 27 மணி நேரம் பில் போட்ட மகானைப் பற்றிய கதை எல்லா ஆபீஸிலும் உண்டு. பில்லை ஊதவைப்பது மட்டும் வெறும் கதையில்லை. டிஎல்ஏ பைப்பர் நிறுவனம் கட்டண பாக்கிக்காக ஒரு கட்சிக்காரர்மேல் வழக்குப் போட்டது. அந்த வழக்கில் 2013ல் வெளியே வந்த உள் மின்னஞ்சல்களில் அதன் வக்கீல்களே, பில்லைக் கடையுங்கள், அதற்கு எல்லையே இல்லை என்று ஒருவருக்கொருவர் ஜோக்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலிடத்தின் எதிர்பார்ப்புகளும் எழுத்திலேயே இருக்கின்றன. 2009ல் ஒரு பெரிய நிறுவனத்தின் பார்ட்னர் தன் அசோசியேட்களுக்கு அனுப்பிய மெயில் வெளியாகிப் பிரபலமானது. தூங்கும்போதும், கோர்ட்டில் நிற்கும்போதும், சுரங்கப்பாதைக்குள் போகும்போதும் தவிர மணிக்கு ஒருதரம் மெயில் பார்க்கவேண்டும் என்றது அது. (சுரங்கப்பாதை விலக்கைப் படித்த யாரோ ஓர் அசோசியேட் சுரங்கத்துக்குள் வீடு தேடியிருப்பார் என்று நம்புவோம்.) 2023ல் பால் ஹேஸ்டிங்ஸ் நிறுவனத்தில் ஒரு சீனியர் அசோசியேட் ஜூனியர்களுக்குத் தயாரித்த ஸ்லைடு கசிந்தது. 24 மணி நேரமும் ஆன்லைனில் இருக்கவேண்டும், சாக்குப்போக்கு கூடாது, “தெரியாது” என்பது பதிலே ஆகாது என்று அதில் கட்டளைகள். அது எங்கள் நிறுவனத்தின் கருத்தல்ல என்று நிறுவனம் கைகழுவியது. சூடுபட்டவரே அடுத்தவருக்குச் சூடு போடும் மாமியார் முறை அங்கேயும் நடப்பில் இருப்பது தெரிந்தது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் லண்டனில் நிலைமை கொஞ்சம் நாகரிகம், கொஞ்சம்தான். பிரிட்டனில் 1998 முதல் வாரத்துக்குச் சராசரி 48 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஊழியரே விரும்பி எழுதிக்கொடுத்தால் விலக்கு. அங்கே வேலைக்குச் சேரும் இளம் வக்கீல்களிடம் மற்ற தாள்களோடு அந்த விலக்குக் கடிதத்தையும் நீட்டுவது சர்வ சாதாரணம். அடுத்தவர் உரிமையைக் காக்கப் படித்தவர், தொழிலில் போடும் முதல் கையெழுத்திலேயே தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். பழம்பெரும் நிறுவனங்கள் புதிய வக்கீலுக்கு 2024ல் 1,50,000 பவுண்டு என்று அறிவித்தன. லண்டனில் கடை விரித்திருக்கும் அமெரிக்க நிறுவனங்கள் சில 1,80,000 வரை போயின. இந்தக் கூட்டத்தில் ஸ்லாட்டர் அண்டு மே மட்டும் ஒரு விநோதம். வக்கீல்களுக்கு மணிக்கணக்கு இலக்கே வைப்பதில்லை. அப்படியும் அது முன்வரிசையில்தான் இருக்கிறது. இந்த ஒரு தகவலை மற்ற நிறுவனங்களின் பார்ட்னர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சிரிப்பை ஓரமாக வைக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. 2016ல் வெளியான ஆய்வு ஒன்று அமெரிக்காவில் சுமார் 12,800 வக்கீல்களை விசாரித்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் குடிப்பழக்கம் தொல்லை தரும் அளவில் இருந்தது. 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். 19 சதவீதம் பேருக்குப் பதற்றம். தொழிலுக்கு வந்து முதல் பத்தாண்டுகளுக்குள் இருப்பவர்களிடம்தான் பாதிப்பு அதிகம்.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. யோகா வகுப்பு, தியான ஆப், ஆலோசகர், தூங்குவதற்குக் குட்டிப் பெட்டி என்று வரிசையாகக் கொண்டுவந்தார்கள். ராத்திரி இரண்டு மணி வரை வேலை இருப்பவருக்குக் காலை ஏழு மணி யோகா வகுப்பு என்பது, இன்னொரு மீட்டிங். ஆர்ரிக் நிறுவனம் 2021ல் ஒரு படி மேலே போனது. வேலையை முழுக்கத் துண்டித்துவிட்டு லீவில் போங்கள், அதில் 40 மணி நேரத்தை இலக்குக் கணக்கிலேயே வரவு வைத்துக்கொள்ளலாம் என்றது. நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் கடற்கரையில் மல்லாந்து படுத்திருப்பவர் “ஓய்வு, 7.5” என்று எழுதுவதைக் கற்பனை செய்தால் கைதட்டுவதா, கண்ணைத் துடைப்பதா என்று தெரியவில்லை. மீட்டரிலிருந்து தப்பிக்கவும் மீட்டரில்தான் பதிவு செய்யவேண்டியிருக்கிறது.

எதிர்ப்பே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2002ல் கிளிஃபர்டு சான்ஸ் நிறுவனத்தின் அமெரிக்க அசோசியேட்கள் நிர்வாகத்துக்கு ஒரு நீண்ட புகார்க் குறிப்பு எழுதினார்கள். போனஸுக்கு 2,420 மணி நேரம் என்று வைத்தால், செய்யாத வேலையைச் செய்ததாக எழுதவே தூண்டும் என்பது அதன் சாரம். வக்கீலாக இருந்துகொண்டே நாவல் எழுதிய ஸ்காட் டுரோ, மணிக்கணக்கு பில் ஒழியவேண்டும் என்று 2007ல் வக்கீல் சங்கத்தின் பத்திரிகையிலேயே எழுதினார். எல்லாரும் படித்து, தலையாட்டி, படித்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்தார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. ஆயிரம் ஒப்பந்தங்களில் அந்த ஒரு வரியைத் தேடும் வேலையை அது காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறது. அசோசியேட்டுக்குக் கொண்டாட்டம்தானே? 2024 ஜூலையில் அமெரிக்க வக்கீல் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மணிக்கணக்கில் பில் போடுவதானால், உண்மையில் செலவான நேரத்துக்குத்தான் போடவேண்டும். பத்து மணி நேர வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்தால் பில்லும் பதினைந்து நிமிடத்துக்குத்தான். இலக்கோ அப்படியே இருக்கிறது. இனி 2,000 மணியை நிரப்ப, முன்னைப்போலப் பல மடங்கு வேலை தேடிப் பிடிக்கவேண்டும். இயந்திரத்தைக் கொண்டுவந்து வேலையைக் கூட்டிக்கொண்ட தொழில் என்ற பெருமை இதற்குக் கிடைக்கும்போல இருக்கிறது.

நமக்கென்ன, அமெரிக்காக்காரன் பாடு என்று இருந்துவிட முடியாது. வெளிநாட்டு சட்ட நிறுவனங்கள் இங்கே தொழில் செய்யலாமா என்ற கேள்வியை 2010ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி. அலுவலகம் போடக்கூடாது, தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல வந்து போகலாம் என்று 2012ல் தீர்ப்பு வந்தது. 2018ல் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் அதை ஏற்றது. 2023ல் இந்திய வழக்கறிஞர் கழகம் கட்டுப்பாடுகளோடு கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. ஆள் வருவதற்கு முன்னாலேயே பழக்கம் வந்துவிட்டது. மும்பை, டெல்லி, பெங்களூரு நிறுவனங்களில் டைம்ஷீட் இல்லாத இளம் வக்கீலைப் பார்ப்பது அரிது.

நம் நாட்டில் கூடுதலாக ஒரு வேடிக்கை. வழக்கறிஞராகப் பதிவு செய்தவர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக்கூடாது என்பது வழக்கறிஞர் கழகத்தின் விதி. அதனால் பெரிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெரும்பாலான அசோசியேட்கள் காகிதத்தில் ஊழியர்களே இல்லை. மாதாமாதம் கட்டணம் வாங்கும் சுதந்திரத் தொழிலர்கள். சம்பளம் என்று நினைத்து வாங்குவதில் தொழில் கட்டணத்துக்கான 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் கட்சிக்காரர்களின் ஊழியர்களுக்கு. அந்தத் திட்டங்களை ராத்திரி கண்விழித்து எழுதிக்கொடுத்த வக்கீலுக்கு இல்லை.

வீட்டில் பிள்ளை ‘கிளாட்’ தேர்வு எழுதி, திருச்சியிலோ பெங்களூரிலோ தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நாலாம் வருடம் கேம்பஸில் ஒரு பெரிய நிறுவனத்தின் கடிதத்தோடு வந்து நின்றால், சந்தோஷப்படுங்கள், சர்க்கரைப் பொங்கல் வையுங்கள். ஆனால் தொகை இருக்கும் பத்தியோடு படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை மணி பில் போடவேண்டும், லீவு நாளில் அந்த இலக்கு குறையுமா, பிள்ளை ஊழியரா, ஆலோசகரா என்று தேடிப் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால், சேர்வதற்கு முன்னாலேயே பிள்ளையை வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரத்துக்கு மட்டும் அவர்கள் பில் போட முடியாது.